பத்தரை மணிப் பூக்கள்

தென்னாப்பிரிக்காவின் நமக்வாலாந்தில் இருக்கும் ஊர் காமீஸ்குரோன். அங்கே போய்ச் சேர்ந்தபோது வானம் முழுக்க மேகம். சாலையோரம், குன்றுச் சரிவு, வேலிக்கு அந்தப்பக்கம், எங்கே பார்த்தாலும் கூம்பிப்போன மொட்டுகள்தான். இரண்டு விமானம் மாறி, ஐந்நூறு கிலோமீட்டர் தன்னந்தனியாகக் கார் ஓட்டி, பெரியம்மாவின் கோபத்தையும் வாங்கிக்கொண்டு வந்தது இதற்கா என்று ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன்.

2012 ஆகஸ்ட். எனக்கு அப்போது 34 வயது. மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் வீடு, ஆரம்பப் பள்ளியில் தமிழ் ஆசிரியை வேலை. அதற்கு முன் ரீயூனியனுக்கு ஒரு கல்யாணத்துக்கும், தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரைக்கும் போயிருக்கிறேன். இரண்டும் குடும்பத்தோடு, என் பாஸ்போர்ட் கூட அப்பாவின் பையில்தான் இருந்தது.

எல்லாம் ஒரு பையன் கேட்ட கேள்வியால் வந்தது. ஆறு பெரும்பொழுதுகளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். "மிஸ், இளவேனில் நம்ம ஊர்ல எப்போ வரும்?" மொரீஷியஸில் இருப்பது இரண்டே காலம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வெயில், மே வந்தால் குளிர். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டேன்.

அந்த வாரமே ஆசிரியர் அறையில் கிடந்த ஒரு பழைய பத்திரிகையில் நமக்வாலாந்தின் படம். தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலை, வறண்ட நிலம். குளிர்காலத்தில் பெய்கிற கொஞ்ச மழையை வைத்துக்கொண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் ஊரே பூக்குமாம். எங்களுக்கு அங்கே போக விசா வேண்டாம். சரி என்று டிக்கெட் போட்டுவிட்டேன்.

"பூப் பார்க்க பிளேனா? வாசல்ல செம்பருத்தி இல்லையா?" என்றார் பெரியம்மா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காத்தோ பீமா பொரித்து டப்பாவில் அடைத்தார். (பருப்பு வடைக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

கேப் டவுனில் முதல் இரவு, எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவருக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பத்தோடு. ரைலண்ட்ஸ் பகுதி. கொள்ளுத்தாத்தா நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவராம். அந்த வீட்டு அம்மாவுக்குத் தமிழில் "வணக்கம்", "சாப்பிடு" தாண்டி வராது. ஆனால் விளக்கேற்றியதும் ஆங்கில எழுத்தில் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்துத் தேவாரம் பாடினார். உச்சரிப்பு அங்கங்கே வழுக்கியது. தமிழ் வாத்தியார் என்பதால் திருத்த நாக்கு துறுதுறுத்தது. நல்ல வேளை, வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் என்-7 நெடுஞ்சாலை. அங்கேயும் வண்டி இடதுபக்கம்தான் என்பதால் பயம் பாதி குறைந்தது. ஆனால் தூரம்! எங்கள் தீவு வடக்குக் கோடியிலிருந்து தெற்குக் கோடி வரை 65 கிலோமீட்டர்தான். அதை ஏழெட்டுத் தடவை ஓட்டினால்தான் காமீஸ்குரோன். சிட்ரஸ்டாலில் ஒரு மூட்டை ஆரஞ்சு வாங்கி, உரித்துத் தின்றுகொண்டே போனேன். போய்ச் சேர்ந்தால் மேகம்.

தங்கிய வீட்டின் உரிமையாளர் எழுபது வயதுப் பாட்டி. நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டார். ரூயிபாஸ் தேநீர் ஊற்றிக் கொடுத்து, வெயில் இல்லாவிட்டால் இந்தப் பூக்கள் திறக்காது, வெயில் அடித்தாலும் காலை பத்தரைக்கு முன்னால் திறக்காது, நாலு மணிக்கெல்லாம் மூடிக்கொள்ளும் என்றார். "சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், மகளே. பூவெல்லாம் சூரியனைத்தான் பார்க்கும்." வடக்கு நோக்கி வந்த நான், வெயில் அடித்திருந்தாலும் வழியெல்லாம் பூக்களின் முதுகைத்தான் பார்த்திருப்பேன்!

பதிலுக்கு எங்கள் நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். எங்கள் ஊர்த் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் படம் போட்டது. அதிலிருந்த தமிழ் எழுத்தை விரலால் தடவி, "இது உன் எழுத்தா?" என்றார். ஆமாம் என்றபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் அப்போது ஆறரை. உடம்புக்கு அதுதான் தெரியும். நட்சத்திரம் தெரிந்தது. மேகம் இல்லை. பத்தரைக்கு இன்னும் ஆறு மணி நேரம்.

விடிந்து வெகுநேரம் கழித்து, இருபது கிலோமீட்டர் சொச்சம் மண் சாலையில் நமக்வா தேசியப் பூங்காவின் ஸ்கில்பாட் பகுதிக்குப் போனேன். ஸ்கில்பாட் என்றால் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ஆமை. வழியில் நிஜமாகவே ஓர் ஆமை சாலையைக் கடந்தது. அதற்கும் அவசரமில்லை, எனக்கும் இல்லை.

ஒருகாலத்தில் உழுது பயிரிட்ட நிலம் அது. உழுது விட்டுவிட்ட மண்ணில்தான் இந்த டெய்சிப் பூச்செடி அடர்ந்து பூக்குமாம். ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, பாதையோரம் மண்டியிட்டு உட்கார்ந்தேன். மடக்கிய குடைபோல இதழ்கள் மேலே குவிந்திருந்தன. வெளிப்பக்கம் மங்கிய நிறம். பத்து மணிக்கு ஒரு இதழ் தளர்ந்தது. அப்புறம் பக்கத்து இதழ். ஆரஞ்சு, உள்ளே ஒரு கருவளையம், நடுவில் தலையைப் புதைத்து, பின்பக்கத்தை வானத்துக்குக் காட்டித் தூங்கும் ஒரு குட்டி வண்டு. இரவு முழுக்க உள்ளேயே இருந்திருக்கிறான்! குரங்கு வண்டு என்பார்களாம். வெயில் பட்டதும் கால்களை உதறினான்.

நிமிர்ந்து பார்த்தேன். நான் ஒரு பூவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மலைச்சரிவு முழுக்க ஆரஞ்சாகியிருந்தது.

நாலு மணி வரை அங்கேயே இருந்தேன். காத்தோ பீமா தீர்ந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊர் திரும்பியதும் அந்தப் பையனிடம், "இளவேனில் காலை பத்தரைக்கு வரும், வெயில் அடிச்சா" என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டான்.

அம்மா புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசிப் படத்தைக் கீழே வைத்துவிட்டு, "இவ்வளவு பூவுல சாமிக்கு ரெண்டு பறிக்கலையா?" என்றார். அங்கே பறிக்கக் கூடாது அம்மா என்றேன். "யாரு பார்த்தா?" என்றார்.