அம்மோனியத்துக்கும் கதவு வேண்டும்

வடசென்னையில் அம்மோனியா என்றாலே 2023 டிசம்பரில் எண்ணூரை அடுத்த பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த வாயுதான் நினைவுக்கு வரும். தண்டையார்பேட்டையில் என்னிடம் உடலியங்கியல் படிக்கும் லேப் டெக்னீஷியன் மாணவர்களும், வாயுதானே, சிறுநீரகச் செல்களின் சவ்வைத் தானாகவே ஊடுருவிவிடும் என்று விடைத்தாளில் எழுதுகிறார்கள். பழைய பாடநூல்களே அப்படிச் சொல்லி வந்ததால் அவர்களைக் குறை கூற முடியாது. ஆனால் இரத்தத்தின் பிஎச் 7.4 ஆக இருக்கையில் அம்மோனியாவில் ஏறத்தாழ 98 விழுக்காடு, மின்னேற்றம் பெற்ற அம்மோனியமாகவே உள்ளது; கொழுப்பாலான சவ்வை அயனிகள் (மின்னேற்றம் பெற்ற துகள்கள்) எளிதில் கடப்பதில்லை. எனவே அதற்குப் புரதங்களே கதவாக அமைய வேண்டும்.

சிறுநீர் உருவாகும் குழலின் முதல் பகுதியான அண்மைச் சுருள் நுண்குழலின் செல்கள், குளூட்டமைன் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்து அம்மோனியத்தை உண்டாக்குகின்றன. உடன் பிறக்கும் பைகார்பனேட் இரத்தத்தில் சேர்ந்து அமிலத்தைச் சமன்செய்கிறது. சோடியத்தை வாங்கிக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை வெளியேற்றும் என்.எச்.இ.3 என்ற புரதத்தில், ஹைட்ரஜனின் இடத்தைப் பிடித்து அம்மோனியம் குழலுக்குள் இறங்குகிறது.

அடுத்து, அதே குழலின் கொண்டை ஊசி போன்ற ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதியில் நடப்பது அப்பட்டமான ஆள்மாறாட்டம். ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு என்று சேர்த்து உள்ளிழுக்கும் என்.கே.சி.சி.2 புரதத்தில் (சிறுநீரைப் பெருக்கும் ஃப்யூரோசமைடு மாத்திரை முடக்குவது இதைத்தான்) அம்மோனியம் பொட்டாசியத்தின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறது, ஏனெனில் நீர் சூழ்ந்த நிலையில் இரண்டின் பருமனும் ஏறக்குறைய ஒன்றே. இவ்வாறு மீட்கப்பட்ட அம்மோனியம் சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லாவில் செறிகிறது. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இங்கே போட்டி கூடுகிறது, அண்மைக் குழலில் உற்பத்தியும் குறைகிறது. அத்தகைய நோயாளிகளுக்கு அமிலத்தேக்கம் (இரத்தத்தில் அமிலம் மிகுதல்) வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குழலின் கடைசிப் பகுதியான சேகரிப்பு நாளத்தில்தான் அம்மோனியத்துக்கென்றே அமைந்த கதவுகள் உள்ளன. ஆர்.எச்.பி.ஜி., ஆர்.எச்.சி.ஜி. என்னும் இவ்விரண்டும், மாணவர்கள் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று அன்றாடம் பார்க்கும் ஆர்.எச். இரத்தவகைப் புரதத்தின் உறவினர்கள். (அந்த ஆர்.எச். புரதத்தைப் பிரித்தெடுக்கும்போது கலந்து வந்த அந்நியப் புரதம்தான் அமெரிக்க அறிவியலாளர் பீட்டர் ஆக்ரேயை, செல்லுக்குள் நீரைக் கடத்தும் நீர்வழிப் புரதத்துக்கு இட்டுச்சென்று 2003இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது.) 2010இல் வெளியான ஆர்.எச்.சி.ஜி.யின் அமைப்பில் மூன்று ஒத்த அலகுகளும், ஒவ்வொன்றிலும் நீரை ஒதுக்கும் குறுகிய பாதையும் தெரிந்தன. வாயிலில் அம்மோனியம் தன் ஹைட்ரஜன் அயனியைக் கழற்றிவிட்டு அம்மோனியாவாக நுழைகிறது என்று கொள்ளப்படுகிறது. மறுபுறம் புரோட்டான் பம்பு (ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும் புரதம்) தள்ளும் ஹைட்ரஜன் அயனி, அந்த அம்மோனியாவை மீண்டும் அம்மோனியமாக்கிச் சிறுநீரில் பிடித்து வைக்கிறது. ஆர்.எச்.சி.ஜி. நீக்கப்பட்ட எலிகளால் அமிலச்சுமையின்போது போதிய அம்மோனியத்தை வெளியேற்ற முடியவில்லை.

லேப்பில் சிறுநீர் அம்மோனியத்தை நேரடியாக அளப்பது அரிது. அமிலத்தேக்கம் உள்ளவரின் சிறுநீர்ச் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டிக் குளோரைடைக் கழித்தால் மைனஸில் விடை வருமானால், பெரும்பாலும் அம்மோனியம் தாராளமாகப் போகிறது என்று பொருள். பிளஸில் வந்தால் சந்தேகப்பட வேண்டியது சிறுநீரகத்தை.