யார் இந்த சோலோன்கள்?

பழைய அமெரிக்க நாளிதழ்களைப் புரட்டினால் தலைப்புகளில் ‘சோலோன்கள்’ அடிக்கடி வருவார்கள். ஏதோ ஒரு குடும்பத்தார் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டமன்ற உறுப்பினர்களைத்தான் அப்படி எழுதினார்கள். ஆங்கிலத்தில் ‘லெஜிஸ்லேட்டர்’ 10 எழுத்து, ‘சோலோன்’ வெறும் 5. ஒற்றைப் பத்தித் தலைப்பில் இடம் தங்கம் அல்லவா! பிலிப்பைன்ஸின் ஆங்கில நாளிதழ்களில் இன்றும் இது சர்வசாதாரணம்.

அசல் சோலோன், கி.மு. 594இல் ஏதென்ஸில் ஆர்கான் என்ற தலைமை ஆட்சியாளர் பதவியில் இருந்தவர். வாங்கிய கடனுக்கு உடலையே ஈடு வைத்து, கட்ட முடியாமல் அடிமையாகிப் போகும் கொடுமைக்கு முடிவு கட்டினார். அவருடைய சட்டங்களை மரப் பலகைகளில் எழுதி, சுழலும்படி பொருத்தி வைத்தார்கள். திருப்பித் திருப்பிப் படிக்கலாம். அப்புறம் மனிதர் செய்ததுதான் வேடிக்கை. சட்டத்தை மாற்றச் சொல்லி யாரும் நெருக்கக் கூடாது என்று 10 ஆண்டுகள் ஊரைவிட்டே போய்விட்டாராம். பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்வது இது.

அந்தப் பெயரைத்தான் அவையில் கொட்டாவி விடுகிறவருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். சில இடங்களில் மரியாதை, சில இடங்களில் அப்பட்டமான நக்கல். தலைப்பை மட்டும் படித்து எது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.