தார்சாவுக்குச் சிவப்பு மை

என் மகளுக்கு ஒரு தமிழ் வகுப்பு தேடி ஏழு மாதம் அலைந்தேன். கராத்தேக்கும் கீபோர்டுக்கும் கல்லிடைக்குறிச்சியிலேயே ஆள் இருக்கிறார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கதை படிக்கவும் எழுதவும் சொல்லித்தர ஆள் உண்டா என்று கேட்டால், "எந்தப் பள்ளிக்கூடம்?" என்பதுதான் எங்கும் முதல் கேள்வி. வீட்டில் இருந்து படிக்கிறாள் என்றால் குரலைத் தாழ்த்தி இரண்டாவது கேள்வி வரும்: "பிள்ளைக்கு உடம்புக்கு ஏதும் முடியவில்லையா?"

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை ஏன் நிறுத்தினோம் என்ற கதை இங்கே வேண்டாம். வீட்டுக்கல்விக்காரர்கள் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். கணக்கும் அறிவியலும் அவள் அப்பா பார்த்துக்கொள்கிறார். ஆங்கிலம் அவளே படித்துக்கொள்கிறாள். தமிழ் என் பொறுப்பு. நான் பி.காம். உரை இல்லாமல் ஒரு செய்யுளைத் தொட்டதில்லை. அவளோ நோட்டு நோட்டாகக் கதை எழுதிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்கிறாள். யாராவது அதை வாங்கிப் படித்து, இது தேறும், இது தேறாது என்று சொன்னால் போதும் என்றுதான் கிளம்பினேன்.

முதலில் மாட்டியது திருநெல்வேலியில் ஒரு டியூஷன் சென்டர். 'இலக்கியமும் படைப்பாக்கமும்' என்று பலகையில் பெரிதாக எழுதியிருந்தார்கள். அருமையான ஏ.சி. அறை. மூன்று மாதக் கட்டணம் 4,500 ரூபாய், மொத்தமாக முன்பணம், திருப்பித் தரப்படாது. ரசீதின் பின்பக்கத்தில் இருந்த அந்தக் கடைசி விஷயத்தை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். சனிக்கிழமை காலை பாசஞ்சரில் ஏறி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பேட்டை தாண்டி ஜங்ஷனில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துப் போவோம். அங்கே 'மழைக்காலம்', 'நூலகத்தின் பயன்', 'நான் ஒரு மரமானால்' என்று பத்துத் தலைப்பு. பத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்த மாதிரிக் கட்டுரை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. நடுவில் மேற்கோளுக்கு இடம் விட்டிருக்கும். மனப்பாடம் செய்துகொண்டு வர வேண்டும். படைப்பாக்கம் என்பது மரத்தை எடுத்துவிட்டு நதியைப் போட்டு அதே கட்டுரையை எழுதுவது.

நாலாவது வாரம் 'என் வீடு' என்ற தலைப்புக்கு அவள் சொந்தமாக ஒன்று எழுதிக்கொண்டு போனாள். எங்களுடையது பழைய வீடு. தெருவில் இருந்து ஏறினால் தார்சா, அதைத் தாண்டினால் பட்டாசல், பின்னால் அடுப்படி, மூலையில் பாத்திரம் கழுவும் அங்கணம். உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள். நோட்டு திரும்பி வந்தபோது தார்சாவை அடித்துத் 'தாழ்வாரம்' என்றும், பட்டாசலை அடித்துக் 'கூடம்' என்றும் சிவப்பு மையில் எழுதியிருந்தது. அங்கணத்தின் மேல் ஒரு கேள்விக்குறி. ஓரத்தில், 'கொச்சை தவிர்க்க'. ரயிலில் அந்தப் பக்கத்தை மூன்று தடவை எடுத்துப் பார்த்தாள். பேட்டை தாண்டியதும் கேட்டாள்: "அம்மா, நம் வீட்டில் தாழ்வாரம் எங்கே இருக்கிறது?"

மறுவாரம் போகவில்லை. பணம் போனது போனதுதான். கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் 1982-இலேயே கரிசல் வட்டாரச் சொற்களுக்குத் தனி அகராதி தொகுத்துவிட்டார். அவர் பிறந்த அதே சீமையில், நெல்லைச் சொல்லை நெல்லையிலேயே அடித்துத் திருத்துகிறார்கள். இதற்கு நான் ஏ.சி. கட்டணமும் கட்டியிருக்கிறேன்.

எந்த வகுப்பானாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் பிள்ளையோடு உள்ளே உட்கார்ந்து பாருங்கள். உட்கார விடமாட்டோம் என்றால் வாசலோடு திரும்பிவிடுங்கள். ஆசிரியர் திருத்திய பழைய நோட்டு ஒன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்த மையைப் பார்த்தாலே ஆளைத் தெரிந்துவிடும்.

இரண்டாவது அடி பாளையங்கோட்டையில் விழுந்தது. 9 முதல் 12ஆம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு ஒரு கட்டுரைப் போட்டி. இரண்டு பேனா, பரீட்சை அட்டை, எலுமிச்சைச் சாதம் எல்லாம் எடுத்துக்கொண்டு முதல் பாசஞ்சரில் போனோம். மேசையில் இருந்தவர் படிவத்தில் வேறெதையும் பார்க்கவில்லை. நேராகக் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். தலைமையாசிரியர் கையொப்பமும் முத்திரையும்.

"வீட்டில் இருந்து படிக்கிறாள் சார். நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்."

"நீங்கள் தலைமையாசிரியரா அம்மா?"

"வீட்டுக்கு நான்தான் சார்."

வரிசையில் பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். மேசைக்காரர் சிரிக்கவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் தெரியுமா என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றியது. இவளுக்குப் பதினான்கு முடிந்து நாலு மாதம் ஆகிறது என்றேன். அதற்கு முந்தைய வருடங்களைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. எப்படியும் உள்ளே விடவில்லை. எலுமிச்சைச் சாதத்தை ஜங்ஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து தின்றோம்.

பிள்ளைக்கு ஓர் அடையாள அட்டையாவது வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. என்.ஐ.ஓ.எஸ். என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பில் எப்படியும் சேர்க்கத்தான் இருந்தோம். அதை முன்னால் இழுத்தோம். பதினான்கு வயது முடிந்திருந்தால் போதும், ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடம், பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாமல் போனது, என் மகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறது என்பது. பிறந்த வாரத்தில் வாங்கிப் பீரோவில் வைத்ததோடு சரி. பெயரைச் சேர்க்கப் பொதுவாக 15 ஆண்டு வரைதான் அவகாசம். எங்களுக்கு எட்டு மாதம் மிச்சம் இருந்தது. இதைப் படித்ததும் எழுந்து போய் உங்கள் பிள்ளையின் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதற்காக மூன்று தடவை அலைந்ததை எழுதினால் அதுவே தனிக் கட்டுரை ஆகிவிடும்.

படிப்பு மையத்தில் இருந்த குமாஸ்தா மிகவும் பொறுமையானவர். பொறுமையாகவே இல்லை, இல்லை என்று சொன்னார். எட்டாம் வகுப்பு டி.சி. கொண்டு வாருங்கள் என்றார். இந்தப் படிப்பைத் தொடரும் அளவுக்குப் படித்திருக்கிறேன் என்று பிள்ளையே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி போதும் என்று விதி சொல்வதை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். "தமிழ் எடுக்காதீர்கள் அம்மா. ஒப்படைப்பைத் திருத்த இங்கே ஆள் இல்லை. எல்லோரும் ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்." திருநெல்வேலியில் தமிழ்த் தாள் திருத்த ஆள் இல்லையாம்! பாடப்பட்டியலில் தமிழ் இருக்கிறது, இறுதி மதிப்பெண்ணில் இருபது விழுக்காடு, வீட்டில் எழுதிக் கொடுக்கும் இந்த ஒப்படைப்புக்கு. ஆள் இல்லை என்பதை எழுத்தில் கொடுங்கள் என்றேன். எழுத்தில் என்றதும் ஆள் கிடைத்துவிட்டார். எந்த அலுவலகத்திலும் 'இல்லை' என்று வாயால் சொன்னால் தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டுங்கள். பத்துக்கு ஏழு தடவை பலிக்கிறது.

ஐயா கிடைத்தது இந்த அலைச்சலில் எதிலும் இல்லை. அம்பாசமுத்திரத்தில் மாவு அரைக்கப் போன இடத்தில், என் கையில் இருந்த நோட்டைப் பார்த்து, யார் எழுதியது என்று கேட்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மில்லில் நின்றபடியே நாலு பக்கம் படித்தார். சிவப்பு மைப் பக்கம் வந்ததும் சட்டைப் பையில் இருந்து பென்சிலை எடுத்து, அடிபட்ட 'தார்சா'வைச் சுற்றி வட்டம் போட்டார்.

"ஏம்மா, தார்சா இருக்கிறது சரி. தார்சாவில் என்னென்ன கிடக்கும்? அதை ஏன் பிள்ளை எழுதவில்லை?"

ஏழு மாதத்தில் அவள் எழுத்தைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

தனியாக ஒரு பிள்ளைக்கு நடத்த மாட்டேன், நாலு பேராவது வேண்டும், எழுதியதைப் படிக்க எதிரே ஆள் வேண்டாமா என்றார். வீரவநல்லூரில் ஒரு பையன், சேரன்மகாதேவியில் அக்காவும் தம்பியும் என்று வீட்டில் படிக்கும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்தேன். பணம் வேண்டாம் என்றார் ஐயா. வாங்காவிட்டால் அனுப்ப மாட்டேன் என்றேன். இலவச வகுப்பு ஒரு மழைக்கு நின்றுவிடும், பார்த்திருக்கிறேன். மாதம் ஆளுக்கு 300 ரூபாய் என்று முடிந்தது. சனிக்கிழமை பத்து மணிக்கு டி.வி.எஸ். 50-இல் ஆற்றுப்பாலம் தாண்டி வந்துவிடுவார். இடம், எங்கள் வீட்டுத் தார்சா.

முதல் வகுப்பில் நோட்டையே திறக்க விடவில்லை. நாலு பேரையும் படித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போய், அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காரச் சொல்லி, காதில் விழுந்ததை மட்டும் எழுதச் சொன்னார். துணி துவைக்கும் சத்தத்துக்கும் அது எதிர்க்கரையில் பட்டுத் திரும்பும் சத்தத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியை வீரவநல்லூர்ப் பையன் எழுதியிருந்தான். அடுத்த வாரம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா வந்தது. 'அழகான', 'அருமையான', 'மிகவும்' என்று எழுதினால் தடவைக்கு ஒரு ரூபாய் அபராதம். முதல் மாதம் 43 ரூபாய் சேர்ந்தது.

இலக்கியம் எப்போது ஆரம்பிப்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். குறுந்தொகையை எடுத்தார். பொருள் சொல்லவில்லை. பாட்டை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு, யார் பேசுகிறாள், யாரிடம், பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்பது யார் என்று மட்டும் கேட்டார். தலைவி கூற்று, தோழி கூற்று என்று நான் தேர்வுக்கு மனப்பாடம் செய்த சொற்கள் பிள்ளைகளுக்கு நாடகம் ஆகிவிட்டன. பிறகு பயிற்சி. முதற்பொருள், அதாவது இடமும் பொழுதும், எழுதலாம். கருப்பொருள், அந்த இடத்தில் உள்ளவை, எழுதலாம். உரிப்பொருளை, மனத்தில் இருப்பதை, ஒரு சொல்லாலும் சொல்லக்கூடாது. குறுந்தொகைப் பாட்டுகள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிக்குள்தான். உங்களுக்கும் அவ்வளவுதான் இடம் என்றார். மலை வேண்டுமென்றால் பாபநாசம், வயல் வேண்டுமென்றால் வாசல், மணல் வேண்டுமென்றால் தேரிக்காடு, வேறென்ன வேண்டும் உங்களுக்கு என்று அதட்டல் வேறு.

என் மகள் மூன்று வாரம் அடித்து அடித்து எழுதியது இது:

மழைக்கு முன் அப்பளம் அள்ளுகிறாள் ஆச்சி.
எண்ணி அடுக்குகிறாள், நூறு நூறாய்.
தார்சா விளிம்பில் சாய்வு நாற்காலி நனைகிறது.
அதை மட்டும் யாரும் உள்ளே இழுக்கவில்லை.

அந்த நாற்காலி என் மாமனாருடையது. அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. ஐயா படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சியிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "நூறு நூறாய் என்பது வேண்டுமா, யோசி" என்று மட்டும் சொன்னார். அவள் யோசித்தாள். வேண்டும் என்றாள். சரி என்றார்.

புத்தகத்துக்காகச் செலவழிக்க வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் சங்க நூல்கள் உரையோடு இருக்கின்றன. 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டத்தில் மூலங்கள் கிடைக்கின்றன. நூலக உறுப்பினர் படிவத்திலும் பள்ளியின் பெயர் கேட்டார்கள் என்பதால் ஆச்சி பெயரில் அட்டை எடுத்துவிட்டோம். எழுபத்தொரு வயதில் மிகவும் சுறுசுறுப்பான வாசகி என்று நூலகத்தில் அவருக்கு இப்போது பெயர்.

அடையாள அட்டை வந்த பிறகு இன்னொரு கட்டுரைப் போட்டி. மைய ஒருங்கிணைப்பாளரின் முத்திரையோடு போனோம், உள்ளே விட்டார்கள். பரிசு இல்லை. பங்கேற்புச் சான்றிதழில் 'பள்ளி' என்று அச்சிட்ட இடத்தில் என்ன எழுதுவது என்று அவர்கள் தங்களுக்குள் பேசி, 'கல்லிடைக்குறிச்சி' என்று ஊரை எழுதிக் கொடுத்தார்கள். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

போன வாரம் ஒப்படைப்பு கொடுத்தாயிற்று. வீட்டைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டி வந்த இடத்தில் அவள் 'தாழ்வாரம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. "மதிப்பெண் அவர்கள் கையில் இருக்கிறதே அம்மா" என்றாள். ஐயாவிடம் கோள் சொன்னேன். தாளை வாங்கிப் பார்த்து, எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று தெரிந்தால் சரிதான் என்று விட்டுவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதை எழுதி முடித்து அவளிடம் படிக்கக் கொடுத்தேன். 'மிகவும்' இரண்டு, 'அருமையான' ஒன்று என்று எண்ணி, டப்பாவை நீட்டினாள்.