மைனஸ் 30-ல் ஸ்போர்ட்ஸ் கார்: இன்ஜின் சமர்த்து, கண்ணாடிதான் வில்லன்

ஒருவழியாக டிரைவர் பக்கக் கதவு வழிக்கு வந்துவிட்டது. மைனஸ் 31 டிகிரியில் ராத்திரி முழுக்க வெட்டவெளியில் நின்ற கார். காலையில் கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி ஒரு சென்டிமீட்டர் சட்டென்று இறங்கியது, கதவு திறந்தது, மூடியதும் மறுபடி ஏறி, கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டையான பீடிங்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பக்கத்து சீட் கதவு இன்னும் முரண்டு பிடிக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஸ்போர்ட்ஸ் காரைக் குளிர்காலத்தில் ஓட்டுகிறேன் என்றாலே எல்லோரும் கேட்பது "செல்ஃப் எடுக்குமா?" என்றுதான். தாராளமாக எடுக்கும். 0டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் மைனஸ் 40 வரை பம்ப் இழுக்கிற பதத்தில் இருந்தாக வேண்டும் என்பதுதான் அந்த 0டபிள்யூவுக்கே இலக்கணம். எடை குறைக்க மாட்டியிருந்த லித்தியம் பேட்டரி கடுங்குளிரில் சோர்ந்துவிடும் என்பதால் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, கனமான லெட்-ஆசிட் பேட்டரிக்குத் திரும்பியாயிற்று. கூலன்ட் 60, தண்ணீர் 40 என்ற கலவை. கூலன்டைத் தண்ணீரே சேர்க்காமல் ஊற்றினால் இன்னும் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. கூலன்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைகால், தண்ணீர் கலக்காவிட்டால் மைனஸ் 13-ஐ ஒட்டியே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்தால் மைனஸ் 37 வரை தாங்கும்.

கிளம்பின புதிதில் கியர் போடுவதுதான் களிமண்ணில் கடப்பாரை இறக்குகிற மாதிரி இருக்கும். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு அவசரப்பட்டால் பல் கடிக்கும் சத்தம் கேட்கும். கியர் ஆயில் இளகும் வரை பொறுமையாகப் போவதைத் தவிர வேறு வழியில்லை. ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெயும் கெட்டிப்பட்டிருக்கும் என்பதால், முதல் சில கிலோமீட்டருக்கு சஸ்பென்ஷன் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

சரி, கண்ணாடி. கண்ணாடியைச் சுற்றி ஃபிரேம் இல்லாத கதவு வைத்திருப்பவர்களுக்கு இந்த வேதனை தெரியும். கண்ணாடியின் மேல் விளிம்பு ரப்பர் பீடிங்கோடு சேர்ந்து உறைந்துவிட்டால், கைப்பிடியை இழுக்கும்போது மோட்டார் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுவிடும். அந்த நிலையில் வெடுக்கென்று இழுத்துத் திறந்தால் பீடிங் கிழியலாம், கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் கேபிளோ பிளாஸ்டிக் பிடியோ உடையலாம். எதுவும் உடையாமல் திறந்துவிட்டாலும் தப்பித்தோம் என்று சொல்ல முடியாது. இறங்காத கண்ணாடி மேலே இடிக்கும், கதவை மூட முடியாது. மைனஸ் 30-ல் மூடாத கதவோடு எங்கே போவது?

முதலில் சந்தேகப்பட்டது வெளியே விழும் பனியை. ஆனால் அந்தக் குளிரில் விழும் பனி பொடிப்பொடியாக உலர்ந்து கிடக்கும், ஊதினால் பறந்துவிடும். ஈரம் வருவது உள்ளிருந்துதான். செருப்படியில் ஒட்டி வந்த பனி மிதியடியில் உருகுகிறது, கூடவே நம் மூச்சுக் காற்று. கூரையைச் சரியாகத் துடைக்காமல் ஹீட்டரைப் போட்டால் மேலே உள்ள பனியும் உருகிக் கண்ணாடி விளிம்புக்கு வழியும். வண்டியை நிறுத்தியதும் எல்லாம் சேர்ந்து பீடிங்கின் உதட்டில் உறைகிறது.

ஆக வைத்தியமும் உள்ளிருந்தே. பீடிங்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, சிலிகான் கிரீஸ். துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள், பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைத்துவிடும். கிரீஸை மேலாகத் துணியால் பூசினால் போதாது. கண்ணாடி விளிம்பு போய் உட்காரும் அந்த ஒல்லியான உள்பள்ளம் இருக்கிறதே, ரப்பரை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு காது குடையும் பஞ்சுக்குச்சியால் அதற்குள் தடவ வேண்டும். வளைவு திரும்பும் பின் மூலையில் குச்சி எட்டாது. அங்கே மெல்லிய துணியைப் பிளாஸ்டிக் அட்டையில் சுற்றி நுழைத்தேன். பூசியது கண்ணுக்கே தெரியக் கூடாது. பளபளப்பு தெரிந்தால் அதிகம், கண்ணாடியில் இழுவிக்கொள்ளும்.

இன்னொரு பழக்கம்: ஓட்டும்போது, உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்குலேஷன் பட்டனை அணைத்தே வைப்பது. வெளிக்காற்று குளிர்ந்திருந்தாலும் அதில் ஈரம் கிட்டத்தட்ட இல்லை. இந்தக் குளிரில் ஏசி கம்ப்ரசர் ஓடாது என்பதால், காரை உலர்த்த அந்தக் காற்றை விட்டால் நாதியில்லை. வீடு வந்து சேர்வதற்குச் சற்று முன் இரண்டு கண்ணாடிகளையும் கொஞ்சம் இறக்கி, உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான ஈரக் காற்றை வெளியேற்றிவிடுகிறேன். காதுமடல் விறைக்கும், போகட்டும். ஹேண்ட்பிரேக்கும் உறைந்து பிடித்துக்கொள்ளலாம் என்பதால் அதைத் தொடுவதே இல்லை. கியரில் போட்டு நிறுத்துவதோடு சரி.

டயர் விஷயத்தில் ஒரு புலம்பல். அகலமான பின் சக்கர அளவில் குளிர்கால டயர் கேட்டால், கடைக்காரர் ஆல்-சீசன் டயரைத் தலையில் கட்டப் பார்த்தார். சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனாலே சம்மர் டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கும். கடுங்குளிரில் வண்டியை நகர்த்தினால் சில டிராக் டயர்கள் விரிசலே விடும். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் போட்ட முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, கோடை முடிவதற்குள் ஆர்டர் கொடுத்துவிடுங்கள். ரிம் ஒரு இஞ்ச் சின்னதாக, டயர் குறுகலாக இருந்தால் பனிக்கு நல்லது. ஆனால் பெரிய பிரேக் காலிப்பர் உள்ளே இடிக்கிறதா என்று அட்டையில் வெட்டி அளந்து பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். வெப்பநிலை 5, 6 டிகிரி குறையக் குறைய டயரின் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ இறங்கும். வெதுவெதுப்பான கராஜுக்குள் சரிபார்த்துவிட்டு மைனஸ் 30-க்கு வெளியே வந்தால் எட்டு ஒன்பது பிஎஸ்ஐ காணாமல் போயிருக்கும். ஸ்டியரிங் திடீரென்று நடுங்கினால் அலைன்மென்ட் கடைக்கு ஓடாமல், ரிம்முக்குள் பனி அப்பியிருக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், கடுங்குளிரில் பிடிமானம் நினைத்ததைவிட நன்றாகவே இருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிய பனிக்கட்டிதான் வழுக்கி. மைனஸ் 30-ல் அது வறண்டு கரகரவென்று டயரைப் பிடிக்கும். அடர்ந்த காற்றைக் குடித்து இன்ஜினும் துள்ளும்.

இப்போது அந்தப் பக்கத்துக் கதவு. அதே கிரீஸ், அதே பஞ்சுக்குச்சி, பலன் பூஜ்யம். பிளாஸ்டிக் அட்டையைச் சுற்றிலும் ஓட்டிப் பார்த்ததில் மேல் பீடிங் தளர்வாகத்தான் இருக்கிறது. அட்டை சிக்குவது கீழே, கண்ணாடி கதவுக்குள் நுழையும் இடத்தில். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகள் அடைத்து, தண்ணீர் உள்ளேயே தங்கி உறைகிறது என்பது என் ஊகம். கதவின் உள்பக்கப் பேனலைக் கழற்றினால் தெரிந்துவிடும். ஆனால் இந்தக் குளிரில் கிளிப்புகள் பொரிபொரியென்று உடையும், சூடேற்றிய கராஜ் ஒரு நாளாவது கிடைக்க வேண்டும். கிளிப் செட் ஆர்டர் போட்டாயிற்று.

அதற்குள் மனசு, இன்ஜின் ஆயிலைச் சூடேற்றும் ஆயில் ஹீட்டருக்குத் தாவிவிட்டது. காந்தத்தில் ஒட்டும் வகை என் வண்டிக்கு ஆகாது, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் பேன் அலுமினியம். பசையில் ஒட்டும் சிலிகான் பட்டைதான் போட வேண்டும். அடித்தட்டைக் கழற்றிப் பட்டைக்கு இடம் இருக்கிறதா என்று அளக்கும்போதே, கதவின் வடிகால் துளைகளையும் ஒரு கம்பி விட்டுக் குத்திப் பார்த்துவிடலாம் என்றிருக்கிறேன்.