பட்ட மரத்தில் ஒரு பங்காளிச் சண்டை

ஜூலை 3

ஈக்குவடோரின் தலைநகர் கீட்டோவிலிருந்து இரண்டு மணி நேர மலைப்பாதை. தந்தயாப்பா பள்ளத்தாக்குக்கு மேலே, ஆண்டிஸ் மலையின் மேற்குச் சரிவில் தங்கியிருக்கிறேன். உயரம் ஏறக்குறைய 2,200 மீட்டர். இங்கே மேகமே காட்டுக்குள் நுழைந்து இலை, பாசி, என் சட்டை எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் போகிறது. நான் தேடி வந்தது டூக்கான் என்ற பெரிய அலகுப் பறவையை; அதன் குரல் மட்டும் இரண்டு முறை கேட்டது.

ஜூலை 4

பார்த்துவிட்டேன்! காலை 6.40. 'குவாருமோ' என்று இங்கே சொல்கிற, விரல் விரித்த இலைகள் கொண்ட மரத்தில் இரண்டு. தகட்டலகு மலை டூக்கான். மார்பும் வயிறும் சாம்பல் கலந்த நீலம், விலாவில் மஞ்சள் திட்டு, வாலடியில் குங்குமச் சிவப்பு. கறுத்த தலையில், கண்ணுக்கு மேலே மயில்கழுத்து நிறத் தோல், கீழே மஞ்சள். கறுப்பு அலகின் அடிப்பகுதி சிவப்பு; மேலலகின் இருபுறமும் தந்த நிறத்தில் ஒரு தகடு, தனியே செய்து பதித்ததுபோல் புடைத்து நிற்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உடுப்பு.

அலகு நுனியால் ஒரு பழத்தைக் கிள்ளி, தலையை அண்ணாந்து தொண்டைக்குள் போட்டுக்கொண்டது. பெரிய விதைகளை வேறெங்காவது போய்க் கக்கிவிடும். இந்தக் காட்டில் பல மரங்கள் அப்படி விதைக்கப்பட்டவைதான்.

ஜூலை 5

அலகைப் பார்த்தால் இருவாச்சிக்கு உறவு என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் இது மரங்கொத்தி, குக்குறுவான் வரிசை. நம் ஊர் ஆலமரத்தில் ஓயாமல் கத்தும் குக்குறுவானுக்குப் பங்காளி!

அந்தப் பங்காளிகளில் இன்னொன்றையும் இன்று வழிகாட்டிப் பெண் காட்டினார்: டூக்கான் குக்குறுவான். உருவத்தில் சிறியது, தடித்த அலகு. நுனி முறிந்த பட்ட மரமொன்றில் ஒரு சோடி தானே பொந்து குடைந்திருந்தது. இரண்டும் சேர்ந்து கூவுவதை அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 7

மனசே சரியில்லை. காலையில் டூக்கான் சோடி அந்தப் பொந்துக்கு வந்துவிட்டது. ஒன்று வாசலில் கால் ஊன்றி, உள்ளே தலையை விட்டு, உளுத்த மரத்தூளை வாய் வாயாக வெளியே எறிந்தது. குக்குறுவான்கள் பக்கத்துக் கிளையில் கத்திக் கத்திப் பார்த்தன. ஒன்று பாய்ந்தும் பார்த்தது. நீண்ட அலகு ஒரு முறை திரும்பியதும் விலகிக்கொண்டது.

இது வழக்கம்தான் என்றார் வழிகாட்டி. டூக்கானின் அலகு பார்க்கத்தான் பெரிது. உள்ளே நுரைபோன்ற எலும்பு. பச்சை மரத்தைக் குடையும் வலு அதற்குக் கிடையாது. உளுத்த மரம் வேண்டும், இல்லையென்றால் யாரோ குடைந்த பொந்து வேண்டும்.

ஜூலை 8

கீழே இறங்கி நடந்தோம். சரிவின் பாதி மாட்டு மேய்ச்சல் நிலம். நேற்று டூக்கான் மேல் வந்த கோபம் இங்கே தணிந்துவிட்டது. ஈக்குவடோரின் மேற்குச் சரிவும் தென்மேற்குக் கொலம்பியாவும் விட்டால் உலகில் வேறெங்கும் இந்தப் பறவை இல்லை. அந்த ஒடுங்கிய பட்டையிலும் காட்டை அழிக்கிறார்கள், கூண்டுக்காகவும் பிடிக்கிறார்கள். பட்ட மரம்தானே என்று ஒன்றை வெட்டினால், இரண்டு குடும்பங்களுக்கு வீடு போகிறது.

ஜூலை 9

கிளம்பும் முன் கடைசியாக ஒரு முறை. பொந்தில் டூக்கான்; தந்தத் தகட்டில் மரத்தூள் அப்பியிருந்தது. மேகம் மூடியதும் காத்திருந்தேன். பாதைக்கு மேலே எங்கோ இன்னொரு பட்ட மரத்தில், மெல்ல, விட்டு விட்டு, கொத்துகிற சத்தம். குக்குறுவானாக இருக்க வேண்டும்.