'சாப்பிட்டியா?' என்று கேட்டால் பதில் வர 40 நிமிடம்

காதல் கதையில் இரண்டு பேரைப் பிரித்து வைக்க ஒரு காரணம் வேண்டும். சாதி, பணம், அப்பாவின் பிடிவாதம் எல்லாவற்றையும் படித்துத் தீர்த்துவிட்டோம். அறிவியல் புனைகதையில் குறுக்கே நிற்பது இயற்பியல். அதன் காலில் விழுந்து கெஞ்ச முடியாது.

செவ்வாயில் இருப்பவனிடம் 'சாப்பிட்டியா?' என்று கேட்டால், கோள்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து, கேள்வி போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். பதிலுக்கும் அதே நேரம். சண்டைக்குப் பிறகு 'சாரி' சொன்னால், அது போய்ச் சேர்வதற்குள் அவன் கோபத்தில் சொன்ன அடுத்த வார்த்தை கிளம்பி வந்துகொண்டிருக்கும். ஒளிவேகத்தில் 99 சதவீத வேகத்தில் ஒருத்தி தன் கடிகாரப்படி ஒரு வருடம் பறந்துவிட்டு வந்தால், அடையாறில் காத்திருப்பவனுக்கு ஏழு வயது கூடியிருக்கும். இந்த ஒரு கணக்கே எனக்கு ஒரு நாவல்.

ஆட்ரி நிஃபெனெகரின் 'தி டைம் டிராவலர்ஸ் வைஃப்' (2003) நாவலில் ஹென்றி மரபணுக் கோளாறால் காலத்தில் நழுவிக்கொண்டே இருக்கிறான். போய் விழும் இடத்தில் உடம்பில் துணி இருக்காது. பின்னாளில் அவன் மனைவியாகப் போகும் சிறுமி கிளேர் அவனுக்காக உடைகளை எடுத்து வைக்கிறாள். கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில் அதைப் படித்தபோது தொண்டை அடைத்தது.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் எல்லோரும் இயந்திர நாய் ஜீனோவைக் கொண்டாடுகிறோம், சரி. ஆனால் என்னை இழுத்தது, காணாமல் போன கணவன் சிபியைத் தேடும் நிலாவின் தவிப்புதான். தமிழில் இப்படி இன்னும் நிறைய வேண்டும். யாராவது எழுதினால், புத்தகக் காட்சியில் முதல் ஆளாக வாங்க நிற்பேன்.