ஓஇடி பேச்சுத் தேர்வில் என்னைக் கவிழ்த்த சின்னச் சொற்கள்

முதல் தடவை ஓஇடி எழுதியபோது பேச்சுப் பகுதியில் எனக்கு வந்தது 320. பி கிரேடுக்கு 350 வேண்டும். மற்ற மூன்று பகுதிகளிலும் தேறிவிட்டேன். படிப்பு, வார்டு, ரிப்போர்ட் என்று எல்லாமே ஆங்கிலத்தில் செய்கிற நர்ஸ் நான். பேச்சில்தான் விழுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: ஓஇடி என்பது மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு. பேச்சுப் பகுதியில் இரண்டு ரோல்பிளே. ஒரு கார்டு தருவார்கள், படித்துப் பார்க்க மூன்று நிமிடம், பேச சுமார் ஐந்து நிமிடம். எதிரே இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ நடிப்பார். மார்க் போடுவது அவர் இல்லை. ஒலிப்பதிவைக் கேட்டு வேறு ஆட்கள் போடுவார்கள். ஆகவே எதிரே இருப்பவர் தலையாட்டுகிறார், சிரிக்கிறார் என்று நம்பி ஏமாறக் கூடாது. நான் ஏமாந்தேன்.

என் ரோல்பிளேயில் நோயாளிக்குக் கால் வீங்கியிருந்தது. நான் மிடுக்காக 'எடிமா' என்றேன். அவர் 'அப்படியென்றால்?' என்று கேட்டார். விளக்குகிறேன் பேர்வழி என்று 'ஃப்ளூயிட் ரிடென்ஷன்' என்றேன். அவர் முகத்தில் மறுபடியும் கேள்விக்குறி. 'ஸ்வெல்லிங்' என்ற ஒரே ஒரு சொல் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. அது தெரியாத சொல்லா? பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். நோயாளியிடம் பேசும் சொல்லாக அது என்னிடம் இல்லை, அவ்வளவுதான். நான் வார்டில் நோயாளிகளிடம் பேசியது தமிழில், டாக்டரிடம் பேசியது மருத்துவ ஆங்கிலத்தில். இரண்டுக்கும் நடுவே இருக்கும் சாதாரண ஆங்கிலம் எனக்கு வெறும் பள்ளம்.

எனக்கு முன்பே தேர்வில் தேறியிருந்த சீனியர் அக்கா ஒருவர் ஃபோனில் மாக், அதாவது மாதிரித் தேர்வு, எடுக்க ஒத்துக்கொண்டார். முதல் நாளே நோயாளியாகப் பேசி, 'ஐ வாஸ் சிக் ட்வைஸ் திஸ் மார்னிங்' என்றார். காலையில் இரண்டு தடவை உடம்பு சரியில்லாமல் போனதா என்று குழம்பி, எத்தனை நாளாக உடம்பு சரியில்லை என்று கேட்டேன்.

"ஏம்மா, நான் ரெண்டு வாட்டி வாந்தி எடுத்தேன்னு சொல்றேன். நீ பாட்டுக்கு எத்தனை நாளான்னு கேக்குற!"

"சிக்னா வாந்தியாக்கா?"

"பிரிட்டிஷ்காரங்க வாயில அதான். ஃபீல் சிக்னா குமட்டல். வாஸ் சிக்னா எடுத்தாச்சு."

அன்றைக்குத்தான் ஒரு நோட்டு போட்டேன். மூன்று கட்டம். முதல் கட்டத்தில் நோயாளி தமிழில் எப்படிச் சொல்வார். இரண்டாவதில் அதையே ஆங்கிலம் பேசும் நோயாளி எப்படிச் சொல்வார். மூன்றாவதில் டாக்டருக்குக் கடிதம் எழுதும்போது நான் எப்படி எழுதுவேன். உதாரணமாக ஒரு வரி: மூச்சு வாங்குது, ஷார்ட் ஆஃப் ப்ரெத், டிஸ்னியா. இன்னொன்று: அரிக்குது, இட்ச்சி, ப்ரூரைடஸ். மூக்கில் ரத்தம் வருது, நோஸ்ப்ளீட், எபிஸ்டாக்ஸிஸ். அடிபட்டுக் கன்னிப்போச்சு, ப்ரூஸ், கன்ட்யூஷன். மூன்றாவது கட்டம் எனக்கு மளமளவென்று நிரம்பியது. முதல் கட்டத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நடுக் கட்டம்தான் பல நாள் காலியாகக் கிடந்தது. பேச்சுத் தேர்வு முழுக்க அந்த நடுக் கட்டத்தில் நடக்கிறது.

தமிழிலிருந்து ஆரம்பித்ததால் வேறொன்றும் பிடிபட்டது. நம்முடைய ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் என்று இருப்பதில்லை. 'மயக்கம்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினாலும் மயக்கம் என்கிறோம், தடாலென்று விழுந்தாலும் மயக்கம்தான், ஆபரேஷனுக்குக் கொடுக்கும் மருந்தும் மயக்க மருந்து. ஆங்கிலத்தில் தலை கிறுகிறுத்தால் டிஸி. விழுந்துவிடுவேனோ என்று கண்ணை இருட்டிக்கொண்டு வந்தால் லைட் ஹெடெட் அல்லது ஃபெயின்ட். விழுந்தே விட்டால் ஃபெயின்டட், பேச்சு வழக்கில் பாஸ்ட் அவுட். எழுப்பினாலும் எழாமல் கிடந்தால் அன்கான்ஷஸ். அறையே சுற்றுவது போலிருந்தால் வெர்டிகோ. மயக்கமா என்று மொட்டையாகக் கேட்டால் இதில் எது என்று அவர்களுக்குப் புரியாது. 'சளி' இன்னொரு வம்பு. சளி பிடித்திருக்கிறது என்றால் கோல்ட். சளி வருகிறது என்றால் ஃப்ளெம். மூக்கில் இருப்பது மியூகஸ். அம்மையும் அப்படித்தான்: சின்னம்மை சிக்கன்பாக்ஸ், தட்டம்மை மீஸில்ஸ், பொன்னுக்கு வீங்கி மம்ப்ஸ்.

வாக்கியம் அமைப்பதிலும் ஒரு தலைகீழ் இருக்கிறது. தமிழில் சளி நம்மைப் பிடிக்கும், ஆங்கிலத்தில் நாம்தான் சளியைப் பிடிக்க வேண்டும்: காட்ச் எ கோல்ட். நமக்குக் காய்ச்சல் அடிக்கும், அவர்கள் காய்ச்சலை வைத்திருப்பார்கள்: ஐ ஹேவ் எ ஃபீவர். அதே காய்ச்சலை 'ஐ ஹேவ் எ டெம்பரேச்சர்' என்றும் சொல்வார்கள். உயிரோடு இருக்கிற எல்லாருக்கும் டெம்பரேச்சர் இருக்கத்தானே செய்யும் என்று நானும் வாதாடிப் பார்த்தேன். 38 டிகிரி செல்சியஸை எட்டிவிட்டது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், விட்டுவிடுங்கள்.

வலிக்கு வருகிறேன். 'மை லெக் இஸ் பெயினிங்' என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். அங்கே அப்படிச் சொல்வதில்லை. 'மை லெக் ஹர்ட்ஸ்' என்பார்கள், இல்லை 'ஐ ஹேவ் எ பெயின் இன் மை லெக்' என்பார்கள். ஏக் என்ற ஒட்டு தலை, வயிறு, பல், காது, முதுகு ஆகியவற்றோடுதான் ஒட்டும். லெக் ஏக் என்றும், முழங்காலுக்கு 'நீ ஏக்' என்றும் இஷ்டத்துக்கு ஒட்ட வைக்க முடியாது. தொட்டாலோ விழுங்கினாலோ வலிக்கும் புண்ணான வலிக்கு ஸோர். தொண்டை வலியை எப்போதும் ஸோர் த்ரோட் என்றே சொல்லிப் பழகுங்கள்.

ஆனால் வலி எங்கே என்பதைவிட எப்படிப்பட்ட வலி என்று கேட்டு வாங்குவதில்தான் சரக்கு இருக்கிறது. 1975இல் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் மான்ட்ரியலில் இருக்கும் மெக்கில் பல்கலைக்கழகத்தின் பெயரால் ஒரு வலி வினாத்தாளை வெளியிட்டார். அதில் வலியைச் சொல்ல 78 சொற்கள், 20 குழுக்களாகப் பிரித்து வைத்திருக்கிறார். முதலில் பார்த்ததும் மலைப்பாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். நம்மிடம் எல்லாமே இருக்கிறது, அதுவும் சத்தத்தோடு இருக்கிறது! விண்விண்ணென்று தெறித்தால் த்ராபிங். சுரீரென்று இடுப்பிலிருந்து காலுக்கு ஓடினால் ஷூட்டிங். கத்தியால் குத்துவது போலிருந்தால் ஸ்டாபிங். திகுதிகுவென்று எரிந்தால் பர்னிங். பிடித்து முறுக்கினால் க்ராம்பிங். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருந்தால் ஏக்கிங். குடைச்சலுக்கு என்ன போடுவது என்று தேடியபோது நாயிங் என்ற சொல் கிடைத்தது. எழுத்தில் முன்னால் ஒரு 'ஜி' உண்டு, வாயில் வராது. நாய் எலும்பை விடாமல் கடிக்குமே, அந்த வினைச்சொல்தான் அது. தமிழில் எழுதினாலும் நாய் தெரிவதால் இன்றுவரை மறக்கவில்லை.

78ஐயும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பத்துப் பன்னிரண்டு போதும். ஆனால் அந்தப் பத்தும் கேட்ட மாத்திரத்தில் உங்கள் உடம்பில் எங்கோ சுருக்கென்று படும் அளவுக்குப் பழக வேண்டும். அட்டையில் எழுதிப் புரட்டிப் படிக்கும் முறையை நானும் சில வாரம் செய்தேன். வலிச் சொற்களுக்கு அது எனக்கு உதவவில்லை. எனக்கே ஏதாவது வலிக்கும்போது அந்த இடத்திலேயே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததுதான் உதவியது. கால் மரத்துப்போனால் 'நம்', உணர்வு திரும்பி ஊசி ஊசியாகக் குத்தும்போது 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்'. இரண்டும் அடுத்தடுத்து ஒரே நிமிடத்தில் நடப்பதால் வித்தியாசம் தானாகவே பதிந்துவிடும்.

நாம் ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு தமிழில் புழங்கும் சொற்கள் தனி ஆபத்து. 'சுகர் இருக்கா?' என்று அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டால் சர்க்கரை டப்பாவைத் தேடுவார்கள். டயபடீஸ் என்றே கேளுங்கள். 'பிரஷர்' என்று தனியாகச் சொன்னால் மன அழுத்தமாகவும் எடுத்துக்கொள்வார்கள், ஹை ப்ளட் பிரஷர் என்று முழுசாகச் சொல்ல வேண்டும். 'வீசிங்' என்றால் நமக்கு ஒரு நோய், அவர்களுக்கு மூச்சில் வரும் விசில் சத்தம் மட்டும். லூஸ் மோஷனுக்கு டயரியா. கேட்கக் கூச்சமான விஷயங்களுக்கு அவர்களிடமும் பூசி மெழுகிய சொற்கள் உண்டு. பிரிட்டனில் வயதானவர் ஒருவர் 'வாட்டர்வொர்க்ஸில் கோளாறு' என்றால் குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேசவில்லை, சிறுநீர் கழிப்பதில் சிக்கல். 'ஹார்ட்பர்ன்' என்று கேட்டதும் இதயத்துக்கு ஓடாதீர்கள், அது நெஞ்செரிச்சல். பக்கத்து வீட்டுச் சொல்லான 'ஹார்ட் அட்டாக்' மட்டும் சொன்னபடியே இதயம்.

உச்சரிப்பில் நான் வாங்கிய குட்டுகள் ஏராளம். ஆஸ்துமா என்று தமிழில் எழுதிப் பழகிய வாய், 'து'வை விழுங்கி ஆஸ்மா என்று சொல்ல மறுத்தது. ஃப்ளெம்மில் 'ஜி' கிடையாது. ஸோரியாஸிஸிலும் நிமோனியாவிலும் 'பி' எழுத்தோடு சரி. மரத்துப்போவதற்கான 'நம்' என்ற சொல்லில் கடைசி 'பி' வராது. காயத்துக்கான ஊண்ட் என்ற சொல்லை வவுண்ட் என்று சொன்னால், சுற்றியது என்று அர்த்தமாகிவிடும். கட்டு சுற்றும் இடத்தில் இரண்டும் வரும் என்பதால் குழப்பம் நிச்சயம்.

எங்கே படித்தேன் என்று கேட்பீர்கள். புத்தகம் எதுவும் இல்லை. பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையான என்எச்எஸ், ஒவ்வொரு நோய்க்கும் பொதுமக்களுக்காக ஒரு பக்கம் வைத்திருக்கிறது. அதில் வேண்டுமென்றே எளிய சொற்களாகப் போடுகிறார்கள். சிறுநீருக்கும் மலத்துக்கும் குழந்தைகள் சொல்கிற பீ, பூ என்ற ஆங்கிலச் சொற்களையே எழுதுகிறார்கள். நமக்கு முதல் சொல்லைப் படித்ததும் சிரிப்பு வரும், தமிழில் அது வேறு சமாச்சாரம். தினமும் ஒரு நோய் எடுத்து, அந்தப் பக்கத்தை நோயாளி போலச் சத்தமாகப் படித்து, பிறகு அக்காவிடம் ஐந்து நிமிடம் நடிப்பேன். ஒரு பெரிய சொல் வாயில் வந்தால் அவர் உடனே 'சாரி, வாட்ஸ் தட்?' என்பார். முதல் வாரத்தில் ஒரு ரோல்பிளேயில் ஒன்பது தடவை கேட்டார். எரிச்சலாக வந்தது, ஆனாலும் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஆறாவது வாரம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நான்தான் "அக்கா, இருக்கீங்களா?" என்றேன்.

இரண்டாவது தடவை பேச்சுக்கு 370 வந்தது. கேட்கும் பகுதியில் முதல் தடவையைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. அதற்கென்று நான் தனியாக எதுவும் செய்யவில்லை. அந்தப் பகுதியின் ஆரம்பத்தில் நோயாளிகள் பேசுவதைக் கேட்டு 24 இடங்களை நிரப்ப வேண்டும், அவர்களும் இந்த நடுக் கட்டத்துச் சொற்களில்தான் பேசுகிறார்கள்.

நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கடைசியாக எழுதிய வரியில் நடுக் கட்டத்தில் 'பீக்கி' என்று இருக்கிறது, முகம் வெளிறிச் சோர்ந்திருப்பதை அப்படிச் சொல்வார்களாம். மூன்றாவது கட்டத்தில் பேலர் என்று போட்டேன். முதல் கட்டத்தில் என்ன எழுதுவது என்று அக்காவைக் கேட்டதற்கு, "மூஞ்சி வாடிக் கெடக்குன்னு போடு" என்றார்.